கேசட்டில் வாழும் இசைக்குழு: கிரேட்ஃபுல் டெட்டும் அதன் டேப்பர்களும்

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு கச்சேரிக்குப் போகிறீர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கையோடு கொண்டுபோன ரெக்கார்டரில் முழுக் கச்சேரியையும் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். கேசட் உங்களுடையது. அதற்குள் இருக்கும் இசை யாருடையது?

இதில் என்ன சந்தேகம், வாசித்தவர்களுடையது, இல்லாவிட்டால் அவர்களிடம் ஒப்பந்தம் போட்ட கம்பெனியுடையது என்பீர்கள். சட்டமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அமெரிக்காவில் ஒரு ராக் குழு இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னது. நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், இனி அது உங்களுடையது என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். அந்த வார்த்தையை நம்பி ஆயிரக்கணக்கான பேர் தங்கள் இளமையில் பாதியை கேசட் காப்பி எடுப்பதிலேயே கழித்தார்கள். பின்னால் ஒருநாள் அந்த வார்த்தைக்கே சோதனை வந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட். 1965-ல் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ பக்கம் ஆரம்பித்தது. முதலில் வைத்த பெயர் வார்லாக்ஸ். அதே பெயரில் இன்னொரு குழு இருப்பது தெரிந்ததும் வேறு பெயர் தேடினார்கள். கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கார்சியா ஒரு அகராதியைத் திறந்தபோது கண்ணில் பட்ட சொல்தான் இது. கேட்க ஏதோ பேய்ப்படம் மாதிரி இருந்தாலும் இது பல நாடுகளில் வழங்கும் ஒரு நாடோடிக் கதையின் பெயர். கடன் பாக்கி வைத்துவிட்டுச் செத்த ஒருவனைப் புதைக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்து கடனை அடைத்து அடக்கம் செய்கிறான். பிறகு அந்த இறந்தவனே வேற்று உருவில் வந்து வழிப்போக்கனுக்கு உதவுகிறான். நன்றி மறவாத பிணம்! இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்சியாவோடு பாப் வியர், ஃபில் லெஷ், பில் க்ராய்ட்ஸ்மன், பிக்பென் என்று எல்லோரும் அழைத்த ரான் மெக்கெர்னன் ஆகியோர் முதல் ஐந்து பேர். 1967-ல் இரண்டாவது டிரம்ஸ்காரராக மிக்கி ஹார்ட் சேர்ந்தார். நாவலாசிரியர் கென் கீசியும் நண்பர்களும் நடத்திய ஆசிட் டெஸ்ட் விருந்துகளில் வாசித்து வளர்ந்தவர்கள். போதை மருந்து இந்தக் கதையில் ஆரம்பம் முதல் முடிவு வரை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் என்னை இழுத்த விஷயம் அது இல்லை.

இவர்களை ஜாம் பேண்ட் என்பார்கள். அதாவது, பாட்டு ஒரு சாக்கு. பாட்டு ஆரம்பிக்கும், இரண்டு சரணம் போகும், அப்புறம் கிட்டார் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் என்று கிளம்பிப் போய்விடுவார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. சில நாள் திரும்பாமலே அடுத்த பாட்டுக்குள் போய் விழுவார்கள். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு மனோதர்மம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதி புரிந்துவிடும். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அடுத்த வருஷம் 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். பின்னால் ஜான் ஆஸ்வால்ட் என்ற கனடா நாட்டு இசைக்கலைஞர் நூற்றுக்கும் மேற்பட்ட டார்க் ஸ்டார் பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி 'கிரேஃபோல்டட்' என்று ஒரு தனி ஆல்பமே போட்டார். ஒரே பாட்டு, நூறு பிறவி!

(இடையில் ஒரு தகவல். மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர். 1991-ல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம்ம கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார். உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாகத் தரப்பட்டபோது அது இந்த ஆல்பத்துக்குத்தான் போனது.)

இப்போது ஒரு ரசிகனின் இடத்தில் இருந்து யோசியுங்கள். முப்பது வருஷத்தில் இவர்கள் வாசித்தது ஏறக்குறைய 2,300 கச்சேரிகள். ஸ்டூடியோவில் போட்ட ஆல்பம் பதின்மூன்றே பதின்மூன்று. அவையும் சுமார் ரகம்தான் என்று தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். உண்மையான இசை நடந்ததெல்லாம் மேடையில். இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. நேற்று பக்கத்து ஊரில் அற்புதமாக வாசித்தார்களாம் என்று கேள்விப்பட்டால் கடைக்குப் போய் வாங்க முடியாது. யாராவது பதிவு செய்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அது காற்றோடு போச்சு.

அதனால் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு டேப்பர்கள் என்று பெயர். ஆரம்பத்தில் இது திருட்டு வேலைதான். ரெக்கார்டரை உடைக்குள் ஒளித்துக் கொண்டுபோவது, மைக்கை யார் கண்ணிலும் படாமல் பிடிப்பது என்று இருந்தார்கள். மேடை ஆட்கள் பார்த்துவிட்டு வயரை வெட்டியதும் உண்டு. ஆனால் குழுவினருக்கு இதில் பெரிய கோபம் வரவில்லை. ஏன் என்பதற்கு கார்சியாவின் பழைய கதை ஒன்று பதில் சொல்கிறது. 1964-ல், ராக் பக்கமே வராத காலத்தில், அவர் பாஞ்சோ வாசிக்கும் ப்ளூகிராஸ் பைத்தியம். நண்பர் ஒருவரோடு காரில் டேப் ரெக்கார்டரை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பி, நாட்டைக் குறுக்கே கடந்து போய் பில் மன்றோ போன்றவர்களின் கச்சேரிகளைப் பதிவு செய்து திரிந்தார். ஆக, கார்சியாவே ஒரு டேப்பர்! தான் செய்ததை அடுத்தவன் செய்யும்போது எந்த முகத்தோடு தடுப்பது?

1971-ல் வெளிவந்த அவர்களுடைய லைவ் ஆல்பத்தின் உள் அட்டையில், ரசிகர்களே நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், முகவரி அனுப்புங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு இருந்தது. கடிதங்கள் குவிந்தன. டெட்ஹெட் என்று அழைக்கப்பட்ட இந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவும் ஆரம்பித்தார்கள். அதே காலகட்டத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் லெஸ் கிப்பல் என்பவர் இலவச டேப் பரிமாற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து 1974-ல் 'டெட் ரெலிக்ஸ்' என்ற பத்திரிகை பிறந்தது. ரெலிக்ஸ் என்ற பெயரில் பிற்பாடு பொது இசைப் பத்திரிகையாக வளர்ந்ததும் அதுதான்.

பரிமாற்றம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 90 நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கச்சேரி இரண்டு பகுதியாக நடக்கும், மூன்று மணி நேரம் போகும். ஆக ஒரு கச்சேரிக்குக் குறைந்தது இரண்டு கேசட். 45-வது நிமிடம் நெருங்கும்போது டேப்பருக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது திருப்பினால் பாட்டு நடுவில் அறுந்துவிடும், திருப்பாவிட்டால் டேப் தானாகவே நின்றுவிடும். பழைய பதிவுகளில் நல்ல கட்டம் வரும்போது டக்கென்று ஒரு வெட்டு விழுந்து அடுத்த நொடி வேறு இடத்திலிருந்து தொடரும். அது யாரோ ஒருவர் இருட்டில் பதற்றத்தோடு கேசட்டைத் திருப்பிய நொடி. மைக்குக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது, சேர்ந்து பாடவே கூடாது. ஊரே ஆடும்போது டேப்பர் மட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்.

வீட்டுக்கு வந்ததும் காப்பி எடுக்கும் வேலை. காப்பியிலிருந்து காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் தலைமுறைக் கணக்கு உண்டு. மூலத்திலிருந்து நேராக எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாவது என்று போகும். ஆறாம் ஏழாம் தலைமுறை கேசட்டில் இசை அடைமழைக்குப் பின்னால் கேட்பது மாதிரி கேட்கும். ஒலிக் கலவை மேசையிலிருந்து நேராக வயர் போட்டு எடுத்தால் அது சவுண்ட்போர்டு பதிவு. தெளிவு அதிகம், ஆனால் கூட்டம் காணாமல் போய்விடும். அரங்கில் மைக் வைத்து எடுத்தால் ஆடியன்ஸ் பதிவு. மண்டபத்தின் எதிரொலி, கைதட்டல் எல்லாம் உள்ளே இருக்கும். இதில் எது உசத்தி என்று டெட்ஹெட்டுகள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். (என் ஓட்டு ஆடியன்ஸ் பதிவுக்கு. காரணம் கடைசியில்.)

இந்த உலகத்துக்கு ஒரே ஒரு சட்டம்: காசு வாங்கக்கூடாது. என்னிடம் இருப்பதை நீ எடுத்துக்கொள், உன்னிடம் இருப்பதை எனக்குக் கொடு. கொடுக்க எதுவுமே இல்லாத புது ஆளா? வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிவு செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக ஒரு முழு மாலையைச் செலவழித்து (காப்பி எடுக்க கச்சேரி ஓடும் அதே நேரம் ஆகும் அல்லவா), எந்தத் தேதி, எந்த ஊர், என்னென்ன பாட்டு என்று அட்டையில் பொடி எழுத்தில் எழுதி அனுப்பிய மனிதர்கள். விற்பவனை யாரும் மதிக்கவில்லை. போலீஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, சட்டம் மட்டும் பெரும்பாலும் நின்றது. எனக்கு இதில்தான் ஆச்சரியம்.

1980-களின் தொடக்கத்தில் மைக் கம்பங்கள் காடு மாதிரி வளர்ந்துவிட்டன. நல்ல ஒலி கிடைக்கும் இடம் கலவை மேசைக்கு முன்னால்தான் என்பதால் எல்லோரும் அங்கேயே குவிந்தார்கள். ஒலிப்பொறியாளர் டான் ஹீலிக்கு மேடையே தெரியவில்லை. மற்ற ரசிகர்களும் புகார் செய்தார்கள். வேறு குழுவாக இருந்தால் ரெக்கார்டருக்குத் தடை போட்டிருப்பார்கள். இவர்கள் 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் கலவை மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். திருட்டு வேலை அதிகாரபூர்வமானது!

இதைத்தான் பிற்காலத்தில் மேனேஜ்மென்ட் புத்தகங்கள் மார்க்கெட்டிங் பாடமாக்கிவிட்டன. இலவசமாகக் கொடு, கூட்டம் வரும், டிக்கெட்டில் சம்பாதி என்று. 2010-ல் இந்தக் குழுவின் மார்க்கெட்டிங் பாடங்கள் என்றே ஒரு புத்தகம் வந்தது. கேசட்டுகள் கூட்டத்தை வளர்த்தன என்பது நிஜம்தான். ஆனால் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. 1974-ல் ஏறக்குறைய 600 ஸ்பீக்கர்களை அடுக்கி 'ஒலிச்சுவர்' என்று ஒன்றைக் கட்டி, அதைத் தூக்கிச் சுமக்கும் செலவு தாங்காமல் அந்த வருஷ அக்டோபரோடு கச்சேரிப் பயணத்தையே நிறுத்தி, 1976-ல்தான் மறுபடி கிளம்பியவர்கள் இவர்கள். வியாபார மூளை இருந்திருந்தால் இப்படியா செய்வார்கள்? ரசிகர்கள் மேல் போலீஸ் வேலை பார்க்க இவர்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

சரி, புகழ்ந்தது போதும். இந்தக் கதையில் நெருடும் இடம் ஒன்று உண்டு. குழுவின் சொந்தப் பதிவாளர்களில் முக்கியமானவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஆண்கள் மட்டுமே இருந்த ஒலிப்பதிவுத் துறையில் 1960-களின் கடைசியிலேயே நுழைந்த பெண். 'லைவ்/டெட்' ஆல்பத்தின் ஒலிப்பதிவில் அவர் கை உண்டு. 1970-களில் அவர் ரீல் டேப்பில் எடுத்த பதிவுகளைப் போல வேறு யாருடையதும் இல்லை என்பது டேப்பர்களின் ஒருமித்த தீர்ப்பு. பிற்பாடு அவருக்குப் பணக்கஷ்டம் வந்தது. வீடு போயிற்று. சாமான்களோடு டேப்புகளும் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. வாடகை கட்ட முடியாததால் 1986-ல் அவை ஏலத்துக்குப் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரீல்கள்! குழு அவற்றை மீட்கவில்லை. யார் யாரோ வாங்கிப் போனார்கள். ஒரு பகுதி ரசிகர்கள் கைக்கு வந்து, சுத்தம் செய்யப்பட்டு, காப்பி காப்பியாக நாடெங்கும் பரவியது. 'பெட்டி போர்டு' என்று சொன்னால் டெட்ஹெட்டுகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அது இலவசம். எடுத்தவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை, செலவு வேறு யாரோ ஒருவர் தலையில் விடிகிறது.

அந்த ரீல்களில் ஒன்றுதான் 1977 மே 8, நியூயார்க் மாநிலம் இத்தாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. அன்னையர் தின ஞாயிறு. மே மாதத்தில் வெளியே பனி கொட்டியிருக்கிறது. இவர்கள் வாசித்ததிலேயே சிறந்த கச்சேரி இது என்று பாதிப் பேரும், இல்லவே இல்லை என்று மீதிப் பேரும் சொல்வார்கள். 2011-ம் வருஷப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால் அப்போது அது அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. தொலைந்த ரீல்கள் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பி, 2017 மே மாதம்தான் கடைக்கு வந்தது. நாற்பது வருஷம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தவை கேசட்டுகள்.

குழுவின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1987-ல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு ஹிட்டானது. அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த அவர்களின் ஒரே பாட்டு. புதுக்கூட்டம் வந்தது. பலருக்குப் பாட்டைவிட வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும் திருவிழாதான் முக்கியம். 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவில் டீர் கிரீக்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. இப்படியே போனால் ஊர் ஊராக வந்து வாசிக்க முடியாது என்று குழு ரசிகர்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. ஜூலை 9 சிகாகோவில் கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்துபோனார். வயது 53.

கேசட்டுகள் சாகவில்லை. டிஜிட்டலாக மாறின. 2002 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் நேரடி இசைப் பகுதியில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆனது. தலைமுறைக் கணக்கு இல்லை, இரைச்சல் இல்லை, தபால் இல்லை. 2005 நவம்பர் கடைசியில் ஒருநாள் பார்த்தால் கிரேட்ஃபுல் டெட் பதிவுகளை இறக்க முடியவில்லை! குழு தன் சொந்தக் கடையில் பழைய கச்சேரிகளை டவுன்லோடாக விற்க ஆரம்பித்திருந்த வருஷம் அது. குழுவின் தரப்பிலிருந்து நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இனி ஒரு சட்டைகூட வாங்கமாட்டோம் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். குழுவுக்குள்ளேயே பிளவு. என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று ஃபில் லெஷ் பகிரங்கமாக எழுதினார். பாடலாசிரியர் ஜான் பெர்ரி பார்லோ வெளிப்படையாக எதிர்த்தார். தகவலைப் பூட்டி வைத்தால் மதிப்பு கூடாது, பரவினால்தான் கூடும் என்று 1994-லேயே இந்தக் குழுவை உதாரணம் காட்டிக் கட்டுரை எழுதியவர் அவர். சில நாட்களில் சமரசம் வந்தது. ஆடியன்ஸ் பதிவுகளை முன்போல இறக்கிக்கொள்ளலாம். சவுண்ட்போர்டு பதிவுகளை அங்கேயே கேட்கலாம், இறக்க முடியாது.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். கலவை மேசை குழுவுடையது, வயர் அவர்களுடையது, பொறியாளருக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்கள். அதைக் கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் ரசிகர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: நாங்கள் முப்பது வருஷம் காசு வாங்காமல் காப்பாற்றினோமே, விற்கக்கூடாது என்ற விதியை நாங்கள் மீறவில்லையே, இப்போது மீறுவது யார்? கடன் யாருக்கு யார் பட்டிருக்கிறார்கள் என்பதில்தான் வழக்கு. அந்த நாடோடிக் கதையில் வழிப்போக்கன் கணக்கு எழுதி வைக்கவில்லை. இங்கே இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார்கள்.

நான் ஏன் ஆடியன்ஸ் பதிவுக்கு ஓட்டுப் போட்டேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? கார்னெல் கச்சேரியின் சவுண்ட்போர்டைக் கேட்டுவிட்டு, அதே இரவின் ஆடியன்ஸ் பதிவையும் தேடிக் கேட்டேன். ஒலி மட்டம்தான். ஆனால் இரண்டாம் பகுதியில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடியாமலே மெல்ல மெல்ல 'ஃபயர் ஆன் த மவுண்டன்' ஆக மாறும் இடத்தில், சவுண்ட்போர்டில் இசை மட்டும் மாறுகிறது. ஆடியன்ஸ் பதிவில் மண்டபமும் சேர்ந்து மாறுகிறது.

கேட்க விரும்புகிறவர்கள் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். இரண்டு பாட்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல் போகும். நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது. பாதியில் தூக்கம் வந்தால் என்னைத் திட்டாதீர்கள், முதல் தடவை எனக்கும் வந்தது :-)